குவைத் சொக்லட்

கேக் பொப் செய்வது ஒன்றும் பெரிய வேலை இல்லை, மிஸ். கேக் சுடத் தெரியாதவர்கள்கூடச் செய்யலாம். மிஞ்சிய கேக்கை உதிர்த்து, பட்டர் ஐசிங் சேர்த்துப் பிசைந்து, உள்ளங்கையில் வைத்து உருட்ட வேண்டும். உருண்டை குளிர்ந்து இறுகியதும், குச்சியின் நுனியை உருக்கிய சொக்லட்டில் தொட்டுக் குத்த வேண்டும். அப்போதுதான் பிடித்துக்கொள்ளும். பிறகு முழு உருண்டையையும் சொக்லட்டில் முக்கி எடுத்து, டிவி பெட்டிக்குள் வைத்து வருகிற வெள்ளை ரிஜிபோம் துண்டு ஒன்றில் குத்தி நிறுத்திவிட்டால் முடிந்தது. மேல்பூச்சு காய்ந்த பிறகு எல்லாம் ஒரே மாதிரித்தான் இருக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்பது உருட்டியவளுக்குத்தான் தெரியும்.

கட்டுகஸ்தோட்டையில் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளின் பிறந்தநாளுக்கெல்லாம் நான்தான் செய்து கொடுப்பேன். பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்தும் கேட்டு வருவார்கள். என் கைப்பட்டதைச் சாப்பிட்டு ஒரு பிள்ளைக்கும் வயிறு வலித்ததில்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் சுத்தம் பார்க்காதவள் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது.

யுகேஷ் என் தங்கை நிஷாந்தியின் மகன். அவள் புருஷன், பிள்ளை பிறக்கும் முன்பே வேறொரு வாழ்க்கையைத் தேடிக்கொண்டு போய்விட்டான். பிள்ளை நடக்கத் தொடங்கி, ஒன்றிரண்டு சொல் பேசிக்கொண்டிருந்த வயதில் அவள் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். போகிற அன்று பஸ் ஸ்டாண்டில் வைத்து அவனை என் கையில் கொடுத்தாள். "இனி நீங்கதான்க்கா இவனுக்கு அம்மா" என்றாள். அழுகிற நேரத்தில் சொல்வதுதான். ஆனால் நான் அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

எனக்குப் பிள்ளை தங்கியதில்லை. மூன்று தடவை உண்டாகி, மூன்றும் போனது. அதற்குப் பிறகு நானும் என் வீட்டுக்காரர் மோகனராஜும் வீட்டுக்குள் அதிகம் பேசிக்கொண்டதில்லை. சண்டை எதுவும் இல்லை. அவர் பிலிமத்தலாவையில் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலை செய்துவிட்டு வருவார், குளிப்பார், சாப்பிடுவார். மழை பெய்தால் மழையைப் பார்த்துக்கொண்டிருப்போம். யுகேஷ் வந்த பிறகுதான் எங்கள் வீட்டில் யாராவது யாரையாவது கூப்பிடும் சத்தம் கேட்டது. "பெரியம்மா" என்று ஒரு நாளைக்கு எத்தனை தடவை கூப்பிடுவான். குழாயைத் திறக்க, சப்பாத்தைப் போட, ஒன்றும் இல்லாமல் சும்மா, பெரியம்மா.

நிஷாந்தி மாதக்கணக்கில் சேர்த்துவைத்து ஒரு பெட்டி அனுப்புவாள். மடவளையில் அரூஸ் என்பவர் வைத்திருக்கும் கார்கோ கடைக்கு அது வந்து சேரும். நல்ல மனிதர். என்னைக் கண்டாலே சிரிப்பார்.

"என்ன ஞானேஸ்வரி அக்கா, ஒங்கட தங்கச்சி குவைத்துல சொக்லட் கடையா வெச்சீக்கி? இந்தப் பெட்டியும் அதே பாரம்தான். புள்ளட வாயில பல்லு ஒண்டும் மிஞ்சாது போல."

பெட்டியைத் திறந்தால் ஒரு வாசம் வரும். சவர்க்காரம், அத்தர், சொக்லட் மூன்றும் கலந்த வாசம். வீடு முழுக்க அது நிற்கும். யுகேஷ் பெட்டிக்குள் தலையை விட்டு முகர்வான். "அம்மா வாசம்" என்பான். நேரில் கண்ட தாயின் முகம் அவனுக்கு நினைவில் இல்லை. அந்த வாசத்தை எப்படித் தாயோடு சேர்த்தான் என்று எனக்குத் தெரியாது. நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

முதல் தடவை நடந்தது தற்செயல்தான். கரண்ட் இல்லாமல் குளிர்சாதனப் பெட்டி நின்று, உள்ளே இருந்த ஐசிங் இளகிப் போயிருந்தது. வெளியாருக்கு என்றால் அந்த ஐசிங்கைக் கொட்டியிருப்பேன். வீட்டுக்குத்தானே என்று உதிர்த்த கேக்கோடு பிசைந்து, மேலே நிஷாந்தி அனுப்பிய சொக்லட்டை உருக்கிப் பூசினேன். பின்னேரம் யுகேஷ் வாந்தியெடுத்தான். எடுத்து முடித்துவிட்டு, என் தோளில் கிடந்து, "அம்மாட சொக்லட் எனக்கு வேணாம் பெரியம்மா" என்றான்.

ஐசிங்தான் காரணம் என்று எனக்குத் தெரியும். சொல்லியிருக்கலாம். அவன் என் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தான். சூடாக இருந்தான். நான் அவன் முதுகைத் தடவிக்கொண்டு பேசாமல் இருந்தேன்.

அடுத்த பெட்டி வந்தபோது அவன் அதற்குள் தலையை விடவில்லை. ஆனாலும் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். பிள்ளைகள் மறந்துவிடுவார்கள், மிஸ். அதனால் நான் ஒரு கரண்டி ஐசிங்கை எடுத்து, அடுப்புக்குப் பின்னால் வெப்பம் படுகிற இடத்தில் மூடி வைத்தேன்.

மற்ற நாட்களில் கடையில் வாங்கிய சொக்லட்டைப் பூசி நல்லதாகத்தான் செய்து கொடுத்தேன். அவற்றைத் தின்று அவன் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. குவைத் சொக்லட் வருகிற போது மட்டும் அந்தக் கரண்டி. அளவோடுதான். ஒரு பின்னேரம் வாந்தியெடுப்பான், மறுநாள் காலையில் ஓடித் திரிவான். வருத்த வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. நெருப்பு சுடும் என்று பிள்ளைக்கு எப்படித் தெரிய வருகிறது? அப்படித்தான். அந்தப் பின்னேரங்களில் அவன் என் மடியை விட்டு இறங்கமாட்டான். நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டு இருவரும் சும்மா இருப்போம். என் வாழ்க்கையில் அதுபோல அமைதியான நேரம் வேறு இருந்ததில்லை.

வெள்ளிக்கிழமைகளில் நிஷாந்தி வீடியோவில் வருவாள். அவன் அவளைப் 'போன் அம்மா' என்று சொல்வான்.

"என் தங்கம், அம்மா அனுப்பின சொக்லட் சாப்பிட்டீங்களா?"

"அது வாந்தி சொக்லட்."

"வாந்தி சொக்லட்டா?" அவள் சிரித்தாள். "அப்ப அடுத்த தடவை வாந்தி வராத சொக்லட்டா பாத்து அனுப்புறேன், சரியா ராசா?"

ஒவ்வொரு தடவையும் அவள் வேறு வகை தேடி வாங்கினாள். தங்கக் கடதாசி சுற்றியது, பால் நிறத்தில் இருந்தது, விலை கூடியது. எல்லாவற்றையும் நான் ஒரே சட்டியில்தான் உருக்கினேன்.

மோகனராஜ் ஒருநாள் சொன்னார். "அவகிட்ட சொல்லிரு ஞானம், இனி சொக்லட் அனுப்ப வேணாம்னு. பொடியனுக்கு ஒத்துக்கல."

"ஆசையா அனுப்புறாளே. எப்பிடிங்க வேணாங்கிறது?"

"நீ நல்லவடி. எனக்கெல்லாம் அந்தப் பொறுமை இல்ல."

கொஞ்ச காலத்தில் போன் மணியடித்தாலே யுகேஷ் அலுமாரிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டான். நான் போனை அலுமாரியின் பக்கம் திருப்பிக் காட்டுவேன். மூடிய கதவைப் பார்த்துக்கொண்டு அவள் பேசுவாள். பாட்டுக்கூடப் பாடுவாள். பிறகு அழுவாள். "விடுங்கக்கா, சின்னப் பிள்ளைதானே, நான் வந்தா சரியாயிடும்" என்பாள். "ஆமா, சரியாயிடும்" என்பேன் நானும்.

இந்த வருடம் அவள் வந்தாள். இனிப் போவதில்லை என்று வந்தாள். தெல்தெனியவில் சிறிய வீடு ஒன்று பார்த்து வைத்திருந்தாள். தை மாதம் யுகேஷை அங்கேதான் முதலாம் வகுப்பில் சேர்க்கப் போவதாகச் சொன்னாள். தெல்தெனிய தூரம் இல்லை, பஸ் ஏறினால் போய்ச் சேரலாம், வாரா வாரம் வாங்கக்கா என்றாள். விருந்தாளியைக் கூப்பிடுவது மாதிரி.

வாசலில் அவள் அவனைத் தூக்கி அணைத்தபோது அவன் அவள் தோளிலேயே வாந்தியெடுத்தான். அவள்மேல் அந்தப் பெட்டியின் வாசம் அடித்தது. அன்று நான் அவனுக்கு ஒன்றும் கொடுத்திருக்கவில்லை, மிஸ். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இதோடு அவள் மனம் விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். நிஷாந்தி சின்ன வயதிலிருந்தே எதற்கும் சட்டென்று சோர்ந்து போகிறவள். ஆனால் அங்கே பிறத்தியார் பிள்ளைகளை வளர்த்துப் பழகியதாலோ என்னவோ, இப்போது அவளிடம் பொறுமை இருந்தது. கொண்டுவந்த சவர்க்காரத்தை, அத்தரை எல்லாம் எடுத்து அயலாருக்குக் கொடுத்துவிட்டாள். நாங்கள் பாவிக்கிற சவர்க்காரத்தில் குளித்தாள். அவன் பக்கத்தில் போகாமல், தூரத்தில் தரையில் உட்கார்ந்து ஒட்டகத்தைக் கூப்பிடுவது போல அரபியில் ஏதோ சொல்லி, ஒட்டகம் மாதிரியே கனைப்பாள். முதலில் எட்டிப் பார்த்தான். பிறகு சிரித்தான். பிறகு அவனும் கனைத்தான். நான் குசினி அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் அவள் வந்து, "அக்கா, எனக்கும் அந்தக் கேக் பொப் சொல்லிக் குடுங்க. என் கையால அவனுக்கு ஒண்ணு செஞ்சு குடுக்கணும்" என்றாள்.

சொல்லிக்கொடுத்தேன். மூவரும் குசினித் தரையில் உட்கார்ந்தோம். அவள் உருட்டியது எல்லாம் கோணல். யுகேஷ் பொறுக்கமாட்டாமல் அவள் கையைப் பிடித்தான்.

"ஐயோ, அப்பிடி இல்ல. கையில பட்டர் பூசணும். பாருங்க, இப்பிடி."

"நீங்க எனக்கு டீச்சரா?"

"ஆமா. ஒழுங்கா செய்யாட்டி அடிப்பேன்."

"சரி சேர்."

அவள் கொண்டுவந்த சொக்லட்டில் ஒரு பாளம் மிஞ்சியிருந்தது. அதை உருக்கவா என்று அவனைக் கேட்டாள். அவன் யோசித்தான். "இது வாந்தி வருமா?"

"வந்தா அன்னைக்கு மாதிரி என் மேலயே எடுங்க. நான்தான் தொவைக்கிறேன்."

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்து ஓய்ந்து, "சரி அம்மா, உருக்குங்க" என்றான். அம்மா என்றான். போன் என்ற சொல் இல்லை.

எனக்குக் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் நீங்கள் எளிதாகப் புரிந்துகொள்வீர்கள். எனக்குள்ளே எல்லாம் அடங்கிப் போனது போல இருந்தது. ஐசிங் போதவில்லை என்று அவள் சொன்னாள். நான் எழுந்து அடுப்புக்குப் பின்னால் போய், அவள் வந்த நாளிலிருந்து மூடி வைத்திருந்த கிண்ணத்தை எடுத்து வந்து கொடுத்தேன். முன்பெல்லாம் ஒரு கரண்டிதான். இந்தத் தடவை முழுக் கிண்ணம். எசன்ஸ் கொஞ்சம் கூடுதலாக விட்டேன், வாசம் தெரியாமல் இருக்க. அவளே பிசைந்தாள். தன் கையால் செய்தது என்பதால் அவன் ஆசை ஆசையாகத் தின்றான். அவளும் ஒன்று தின்றாள். வெள்ளிக்கிழமை விரதம் என்று நான் சொல்லிவிட்டேன்.

மறுநாள் விடியும்போதே அவனுக்குத் தொடங்கிவிட்டது. அவளுக்கும் வயிறு சரியில்லை, ஆனாலும் நடமாடினாள். காலையிலேயே சொன்னாள். "அக்கா, த்ரீவீல் ஒண்ணு பிடிச்சு ஆஸ்பத்திரிக்குப் போயிடுவோம்."

"எனக்குத் தெரியாதா இவன் வயிறு? உன் சொக்லட் பட்டாலே இப்பிடித்தான். பின்னேரம் சரியாயிடும்."

"கண்ணெல்லாம் உள்ள போயிருச்சேக்கா."

"நீ எத்தனை தடவை பாத்திருக்க? நான் எத்தனை தடவை பாத்திருக்கேன்?"

அவள் எடுத்த கைப்பையைத் திரும்ப வைத்துவிட்டாள். வேறு என்ன செய்ய முடியும்? அது உண்மைதானே.

ஆஸ்பத்திரிக்குப் போனால் என்ன தின்றான் என்று கேட்பார்கள். அது ஒரு காரணம். ஆனால் அதுதான் முழுக் காரணம் என்று சொன்னால் பொய். காலையிலேயே அவன் கையை நீட்டி, "பெரியம்மா மடி" என்றான். அவள் தூக்க வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டான். அந்தப் பகல் முழுவதும் அவன் என் மடியில் கிடந்தான். அவள் கதவு நிலையில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். கஞ்சித் தண்ணீர் கொடுத்தேன், நிற்கவில்லை. நெற்றியில் ஈரத்துணி போட்டேன். மழை பெய்தது. மோகனராஜ் கடைக்குப் போயிருந்தார். அவன் உடம்பு லேசாகிக்கொண்டு வருவது மடிக்குத் தெரிந்தது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று நான் இருந்துவிட்டேன்.

பின்னேரம் மோகனராஜ் வந்து பார்த்துவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் அவனை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடினார். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, ஏன் இவ்வளவு நேரம் வைத்திருந்தீர்கள் என்பது. அதற்கு நிஷாந்திதான் பதில் சொன்னாள். "நான்தான் சேர், எனக்குத் தெரியல" என்றாள். இருட்டுவதற்குள் அவன் போய்விட்டான்.

கெட்டுப் போன உணவு என்றார்கள். மரண விசாரணைக்கு வந்த பெரியவர் எல்லோரையும் ஒரு வார்த்தை கேட்டார். நிஷாந்தி எழுந்து நின்று, நான்தான் செய்தேன், என் கையால்தான் ஊட்டினேன் என்று சொன்னாள். தாய் கொடுத்த உணவால் நேர்ந்த மரணம், தவறுதலாக நடந்தது என்று அவர் முடித்துவிட்டார். அத்துடன் எல்லாம் முடிந்தது. என்மேல் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை, மிஸ். அயலில் உள்ளவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, பெற்றவளுக்கு மேல் பார்த்தீர்களே என்றுதான் அழுகிறார்கள். நானாக இந்தப் பொலிஸ் நிலையத்துக்கு வராமல் இருந்திருந்தால் நீங்கள் என்னைத் தேடியிருக்கமாட்டீர்கள்.

பிறகு ஏன் வந்தேன் என்று நீங்கள் இன்னும் கேட்கவில்லை. பரவாயில்லை, சொல்கிறேன். நிஷாந்தி இப்போது சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை. வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லோரிடமும், "நான்தான் என் புள்ளையக் கொன்னுட்டேன்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவள்மேல் இரக்கப்பட்டு வந்தேன் என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். இங்கே உட்கார்ந்து சொல்லச் சொல்லத்தான் தெரிகிறது, அது இல்லை.

அவனுக்கு நடக்கப் பழக்கியது நான். பேசப் பழக்கியது நான். காய்ச்சலுக்கு விழித்திருந்தது நான். கடைசிப் பகலில் அவன் கேட்டது என் மடியை. எங்கோ தூரத்தில் இருந்துவிட்டு வந்து, என் புள்ளை, நான்தான் செய்தேன் என்று இதையும் அவள் எடுத்துக்கொள்ளப் பார்க்கிறாள். அதை நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். யுகேஷைக் கொன்றது நான்.

தாய் கொடுத்த உணவு என்று அந்தப் பெரியவர் எழுதியிருக்கிறார். அதில் பிழை ஒன்றும் இல்லை, மிஸ். பெயரை மட்டும் மாற்றி எழுதுங்கள்.