மேடை நிறைய மயில்

“காகமே இல்லாமக் காகத்திட கதையை எப்படி ராத்தா ஆடுற?”

கல்முனை பஸ்ஸில் என் முன் இருக்கையில் இருந்த நடன டீச்சர்தான் கேட்டார். பக்கத்தில், அவர் அக்கா முறையில் ‘ராத்தா’ என்று அழைத்த மருதமுனை நெசவுக்காரப் பெண், மடியில் துணிமூட்டையோடு இருந்தாள்.

“ஏன் டீச்சர், என்ன நடந்த?”

“பிள்ளைகளுக்கு டான்ஸ் பழக்க இடமில்லாம நிண்டன். தாய்மார் சேந்து சீட்டுப் போட்டு, முதல் சீட்டை எனக்கே தந்தாங்க. அதிலதான் கொட்டில் கட்டி, சலங்கையும் வாங்கின. இப்ப ஒவ்வொருத்தியும் வந்து, ‘என்ட மகள்தான் மயில்’ எண்டு நிக்கிறா. காகம் எண்டு சொன்னா சீட்டுல இருந்து விலகுவாளாம். சீட்டுக் குழம்பினாக் கொட்டிலை வித்துத்தான் காசு குடுக்கணும்.”

“ஓம் டீச்சர், எனக்கிட்டயும் எல்லாரும் பச்சைத் துணிதான் கேட்டாங்க.”

“பச்சையாம் பச்சை! சனிக்கிழமை ஆட்டம். எனக்குத் தலை வெடிக்குது.”

சாய்ந்தமருது தாண்டியதும் டீச்சர் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தார்.

“நானே காகம் ஆடுறன். சிரிக்கிறவங்க சிரிக்கட்டும்.”

நெசவுக்காரி சிரிக்கவில்லை. டீச்சரின் பருத்த உடம்பை மேலும் கீழும் பார்த்தாள்.

“அப்ப கறுப்பில எட்டு முழமாவது வேணும், டீச்சர்.”