கரடி தலைக்கு மேல அக்கா பேரு

பிடுங்கினேன், ஆமா. மைக்கத்தானே பிடுங்கினேன், உங்க கழுத்தையா பிடிச்சேன்? அதுக்கு எதுக்கு சார் மூலை ரூமுக்குக் கூட்டிட்டு வந்து கதவச் சாத்துறீங்க? தொறங்க. ஏசி காத்து வெளிய போனா போகட்டும்.

பிரின்சிபால்கிட்ட எழுதிக் குடுக்கப் போறீங்களா? தாராளமா. உங்க கேம் கம்பெனி சார்பா எங்க காலேஜுக்கு வந்து, மேடை போட்டு, ஆளுக்கொரு டீ-ஷர்ட் குடுத்து, கேள்வி இருந்தா கேளுங்க பசங்களான்னு நீங்கதானே சொன்னீங்க? கேட்டேன். உடனே மூஞ்சி சுருங்கிடுச்சு.

இல்ல, கோவமெல்லாம் இல்ல. கத்த வேண்டியத கத்தி முடிச்சாச்சு. இப்ப உள்ள மரத்துக் கெடக்கு, பல்லு பிடுங்க ஊசி போட்டுவிட்ட மாதிரி. வாய் மட்டும் அதுபாட்டுக்குப் பேசிட்டிருக்கு.

விளையாட்டுதானேவா? உங்களுக்கு. எங்க அக்காவுக்கு அது வீடு சார். புருஷன்கிட்ட அடி வாங்கி, கட்டின துணியோட வேற ஊருக்கு ஓடினவ. என்கிட்டகூட எந்த ஊருன்னு சொல்லல. தெரிஞ்சா உன்னப் போட்டு உலுக்குவான், தெரியாமலே இருன்னுட்டா. நாங்க ரெண்டு பேரும் பாத்துக்கிறதே உங்க ஆட்டத்துக்குள்ளதான். நான் வாத்து. அவ குடை வச்ச கரடி. கரடிக்கு ஏரிக்கரையில ஒரு வீடு. கூரை மேல ஏறி உக்காந்து கதை கதையா பேசுவோம். அங்க யாரும் யார் பேரையும் கேக்க மாட்டாங்க, அது எங்களுக்குள்ள ஒரு மரியாதை. கரடின்னா கரடிதான்.

அதுல கை வச்சீங்க. வயசு சரிபார்க்கணும், அடையாள அட்டையப் போடு, இல்லன்னா வீட்டப் பூட்டிடுவோம்னு மெசேஜ். அவ பயந்துட்டா, இருக்கிறதே அந்த ஒரு வீடு, அதுவும் போயிடுமேன்னு. போட்டுட்டா. வயசுக்குத்தானே கேட்டீங்க? அப்புறம் ஒரு அப்டேட். கரடி தலைக்கு மேல அக்காவோட முழுப் பேரு. அதுக்குக் கீழ எந்த ஊர்ல இருந்து ஆடுறான்னு பச்சை எழுத்துல. நெசமான நட்புன்னு விளம்பரம் வேற! பேரப் போட்டுத் தேடினா கரடி வந்து நிக்கும். அவன் தேடினான்.

நிபந்தனைக்கு அவங்கதானே சம்மதம் குடுத்தாங்களா? சார், அந்த நிபந்தனைய நீங்க முழுசா படிச்சிருக்கீங்களா? சும்மா சொல்லுங்க. பாருங்க, உங்களுக்கே சிரிப்பு வருது.

அதுக்கப்புறம் கொஞ்ச நாளா கரடி வரல. பச்சை எழுத்துல இருந்த ஊருக்கு நானும் அம்மாவும் போனோம். தையல் கம்பெனியில சட்டைக்குப் பட்டன் காஜா எடுத்துட்டு இருந்திருக்கா. கூட வேலை பாக்கிற பொம்பள ஒருத்தங்க ரூமக் காட்டினாங்க. ஆளக் காணோம். துவைச்ச துணி கொடியிலயே கெடந்து மொடமொடன்னு ஆயிருந்துச்சு. அம்மா ஒவ்வொண்ணா எடுத்து மடிச்சாங்க. நான் ஜன்னலப் பாத்துட்டு நின்னேன். அழுகைகூட வரல.

தெரியும் சார், இப்ப ஊர் பேரத் தூக்கிட்டீங்க. நாலு பேரு திட்டினதும் தூக்கிட்டீங்க. இப்ப கரடி எங்கருந்து வருதுன்னு உங்களுக்கு மட்டும்தான் தெரியும். நான் கேட்டு எழுதினா, பயனரோட தனிப்பட்ட தகவல வெளியிட முடியாதுன்னு பதில் அனுப்புறீங்க. அவன் கேக்காமலே காட்டினீங்க. நான் கேட்டா ரகசியம்.

ஆமா, கரடி வருது. இப்ப திரும்பவும் தினமும் வருது. அதத்தான் போலீஸும் சொல்றாங்க. அதான் ஆன்லைன்ல இருக்காளேம்மா, ஏதாவது கோவமா இருக்கும், விடுங்கன்னு. புகாரக்கூட வாங்க மாட்டேங்கிறாங்க. நானும் அது திரும்பி வந்தத மொதல்ல பாத்ததும் விழுந்தடிச்சுப் போய்க் கூரையில பக்கத்துல உக்காந்தேன். வா சின்னவளே, சாப்பிட்டியான்னு கேட்டுச்சு.

எங்க அக்கா என்னைய எருமைன்னுதான் கூப்பிடுவா. பொறந்ததுலேருந்து எருமைதான். சின்னவளேன்னு கூப்பிடுறது அவன். அத்தான்னு நான் கூப்பிட்டுட்டிருந்தேனே, அந்த ஆளு.

சாப்பிட்டேன்னு டைப் பண்ணினேன். இன்னிக்குக் காலையிலகூட டைப் பண்ணினேன். கண்டுபிடிச்சுட்டேன்னு தெரிஞ்சா கரடியும் வராம போயிடும்ல.

தண்ணியெல்லாம் வேணாம். எந்திரிங்க. ஹால்ல அத்தன பேரும் உக்காந்திருக்காங்க. அவங்க முன்னாடி வந்து நின்னு சொல்லுங்க: அந்தக் கரடி எங்கருந்து வருதுன்னு போலீஸ்கிட்ட இன்னிக்கே குடுப்பீங்களா, மாட்டீங்களா? மாட்டீங்கன்னா அதையும் அங்கயே சொல்லுங்க. என் காதுல இல்ல சார், எல்லார் காதுலயும் விழற மாதிரி.