ஒழுகியதற்குச் சாட்சி

எண்பதுகளில் ஒரு நாள், சிங்கப்பூரில் தோ பாயோ போகும் பஸ்ஸில் என் முன் இருக்கையில் இரண்டு பேர். இளையவர் சொன்னார்: "எங்க பழைய முதலாளி, எண்ணெய் டாங்கி ஒழுகினதுக்கு சாட்சி தேடுறாரு, அண்ணே."

என் நிறுத்தம் வந்தது. நான் இறங்கவில்லை.

"ஒழுகவே இல்லைன்னு சாதிச்ச மனுஷனாச்சே?"

"அது அப்போ. இப்ப ஃபேக்டரி மண்ணைத் தோண்டிச் சுத்தம் பண்ணுன்னு கவர்மெண்டு சொல்லிருச்சு. லாயர் ஒரு பழைய இன்சூரன்ஸ் பாலிசியைத் தேடி எடுத்திருக்காரு. அந்தப் பாலிசி இருந்த காலத்துலேயே ஒழுகிச்சுன்னு காட்டிட்டா, செலவு பூரா இன்சூரன்ஸ்காரன் தலையில."

"நீதானே அப்பவே ஒழுகுதுன்னு சொன்னே?"

"சொன்னேன். பொய் பேசுறவன்னு லெட்டர் கொடுத்து வேலையை விட்டுத் தூக்கினாரு. நேத்து ஒரு கூடை பழத்தோட வீட்டுக்கு வந்து, 'ராசு, நீ பொய்யே பேசமாட்டே லா'ங்கிறாரு."

"நீ என்ன சொன்னே?"

"பழத்தை வாங்கி வச்சுக்கிட்டேன். 'அந்த லெட்டரை இன்சூரன்ஸ்காரங்க முந்தாநாளே வந்து காப்பி எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க, முதலாளி'ன்னேன்."