துரைக்குத் தொட்டி பத்தல

ஆறடி! ஆறடி நீளத்துக்குக் கண்ணாடி வீடு கட்டிக் குடுத்திருக்கு, அதுலயும் இருக்க முடியலன்னா என்னம்மா அர்த்தம்? நீயே சொல்லு. தலைய ஆட்டாத, வாயால சொல்லு, கர்லர் கழண்டுரும். இந்த ஹாங்காங்ல ஆறடி எடம் யாருக்கு இருக்கு? நானு, எங்க வீட்டுக்காரரு, பையன், மூணு பேரும் பன்னெண்டு வருஷம் ஒரே ரூம்ல அடுக்குக் கட்டில் போட்டுப் படுத்தோம். மேல பையன், கீழ நாங்க. கால நீட்டினா அரிசி டப்பா இடிக்கும். நாங்க யாராவது ஜன்னல் வழியா எகிறிக் குதிச்சோமா? இல்லியே!

துரைக்கு மட்டும் எடம் பத்தல.

துரைன்னா இந்த மீனுதான். நான் வச்ச பேரு. எங்க வீட்டுக்காரரு வேற ஏதோ பேரு வச்சாரு, செல்வம், செழிப்பு, பொன்மழைன்னு எல்லாத்தையும் சேத்து. கூப்பிட்டு முடிக்கறதுக்குள்ள அது தொட்டிய ரெண்டு சுத்து சுத்திட்டு வந்துரும். பாரு, பாரு... நம்மளப் பத்திப் பேசறாங்கன்னு தெரிஞ்சுபோச்சு. எப்பிடி இந்தப் பக்கமா வந்து நிக்குது பாரு! அழகுதான், யாரு இல்லன்னா? புதுசா வெளக்கின செப்புப் பானை மாதிரி செதிலு. தாடையில ரெண்டு மீசை வேற. அரோவானா, டிராகன் மீனுன்னா சும்மாவா? ஆனா அழகா இருந்தா என்ன வேணா செய்யலாமா? நீயும் அழகிதான். நீ இப்பிடியா பண்ற? வந்ததுலேருந்து வாயத் தொறக்காம உக்காந்திருக்க.

பதினோரு வருஷம்மா. பதினோரு வருஷம் இதே தொட்டியில சமத்தா கெடந்துது. எங்க வீட்டுக்காரரு ஆஸ்பத்திரிக்குப் போன மறுநாளே ஆரம்பிச்சுருச்சு. ஒரே வாரத்துல மூணு தடவ வெளிய குதிச்சாச்சு.

என்ன? மூடியா? இரு, அதுக்கு வரேன்.

மொதல் தடவ, சாயங்காலம் கடை மூடற நேரம். கடைசியா வந்த பொம்பளைக்கு முடி வெட்டிட்டு, பெருக்கறதுக்கு வெளக்கமாறு எடுக்க உள்ள போனேன். 'பொத்'துன்னு சத்தம். ஓடிவந்து பாக்கறேன்... தரையில ஒரு நாய்! கறுப்பா, ரோமத்தோட, துள்ளித் துள்ளி வருது! கடைக்குள்ள எப்பிடிடா நாய் வந்துச்சுன்னு வெளக்கமாத்த ஓங்கிட்டேன். அப்பறம் பாத்தா வாயத் தொறந்து தொறந்து மூடுது. அட, நம்ம துரை! வெட்டிப்போட்ட முடி பூரா ஒடம்புல ஒட்டிக்கிட்டு நிக்குது... எங்க வீட்டுக்காரரு தலையில அவ்ளோ முடி இருந்து முப்பது வருஷம் ஆச்சு. ஈரத் துண்டப் போட்டு வாரிச் சுருட்டி, தலை அலசற தொட்டியில தண்ணி புடிச்சு அலசி, திரும்பக் கொண்டுபோயி விட்டேன். ஷாம்பு போடலங்கறதுதான் கொறை.

சிரி, சிரி. நீ சிரிச்சா நல்லாத்தான் இருக்க.

ரெண்டாவது தடவ, ஹோ அக்கா டிரையருக்கு அடியில உக்காந்து தூங்கிக்கிட்டு இருந்தாங்க. நேரா அவங்க மடியில! அவங்க கண்ணத் தொறக்காமலே, "யாரு பெத்த புள்ளடா இது, இப்பிடி நனைஞ்சு கெடக்கு"ன்னு ரெண்டு தட்டுத் தட்டிக் குடுத்தாங்க. அப்பறம் கண்ணத் தொறந்தாங்க. அதுக்கப்பறம் அவங்க இந்தப் பக்கமே வரல. தெரு முக்குல புதுசா ஒரு கடை வந்திருக்கே, அங்க போறாங்களாம். போகட்டும். அவங்க தலையில மொத்தமே நாப்பது முடிதான்.

ஏன் குதிக்குதுன்னு நானும் யோசிக்காம இல்ல. மேல மாடியில சிங்க ஆட்டம் சொல்லிக் குடுக்கறாங்க. நாலு மணியானா தம்தம் தம்தம்னு தவுலு. என் பல்லே ஆடும், மீனு என்ன செய்யும்? நேரா போயிக் கேட்டேன். மாஸ்டர் என்னா சொல்றான், "அக்கா, பதினெட்டு வருஷமா அடிக்கறோம், இப்பத்தானா அதுக்குக் காது கேட்டுச்சு?"ங்கறான். வாயப் பாரு அவனுக்கு! அப்பறம் எதுத்த கடைக்குப் பால் வாங்க வர்ற பசங்க உள்ள வந்து தொட்டிக் கண்ணாடியத் தட்டறானுங்க. அப்பறம் இந்தக் கர்லர் மருந்து வாசனை...

மூடிதானே? வரேன்னு சொல்றேன்ல! நீ என்ன எங்க வீட்டுக்காரரு மாதிரியே புடிச்ச புடிய விட மாட்டேங்கற?

ஓ... தொட்டி மேல இருக்கற அந்தச் சீட்டப் படிச்சுட்டியா? நல்ல கண்ணு உனக்கு. ஆமா, அவரு ஒட்டிட்டுப் போனதுதான். 'எறா மூணு. தண்ணிச் சூடு இருபத்தெட்டு. மூடி. மூடி. மூடி.' மூணு தடவ எழுதியிருக்காரு மனுஷன். பொண்டாட்டிய விட்டுட்டு ஆஸ்பத்திரிக்குப் போறாரே, நேரத்துக்குச் சாப்பிடுன்னு ஒரு வரி? ம்ஹூம். அதுக்கு உசுரோட எறா, எனக்கு உப்பு முட்டையும் கஞ்சியும்.

நெஞ்சுல அடைப்பும்மா அவருக்கு. ரெண்டு குழாயி. படியேறி வந்தவரு நாலாவது மாடியில அப்பிடியே உக்காந்துட்டாரு. நாளைக்குக் காலையில ஆபரேஷன். நெஞ்சத் தொறந்து, கால்லேருந்து ஒரு குழாய எடுத்து அங்க ஒட்டப் போறாங்களாம். "ஐயா, அது இருபத்தாறு வருஷம் கடையில நின்னு நின்னு தேஞ்ச காலு, வேணும்னா என் கால்லேருந்து எடுத்துக்கோங்க"ன்னேன் டாக்டர்கிட்ட. அவரு, "அம்மா, நீங்க கொஞ்சம் வெளிய உக்காருங்க"ன்னுட்டாரு. பையன் லொக்யின் அங்கதான் இருக்கான். என்னப் பாக்க விடறது அஞ்சு மணிக்கு மேலதான். அதுவும் எங்க வீட்டுக்காரரு, "நீ நாள் பூரா இங்க உக்காந்தா பக்கத்துக் கட்டில்காரன் பாதியிலயே எந்திரிச்சு வீட்டுக்குப் போயிருவான். போ, போயி மீனப் பாரு"ங்கறாரு.

இரு, ஃபோனு. அவருதான்.

யோவ், சொல்லு. ...சாப்பிட்டியா? ...அது கெடக்கு. அது நல்லாத்தான் இருக்கு. ...மூணு எறா குடுத்தேன். ...மூணுதான்யா, எனக்கு எண்ணத் தெரியும். ...குதிக்கறதா? எதுக்குக் குதிக்குது? ...போட்டிருக்கேன். ...அட, போட்டிருக்கேன்னு சொல்றேன்ல! கஸ்டமர் தலையில மருந்து காயுது, வையி.

...

என்ன அப்பிடிப் பாக்கற? பொய்யின்னா பொய்யிதான். நாளைக்கு நெஞ்சத் தொறக்கப் போற மனுஷன்கிட்ட வேற என்னத்தச் சொல்றது?

சரி. அந்த மூலையப் பாரு, கதவுக்குப் பின்னாடி. கண்ணாடிப் பலகை ஒண்ணு சாஞ்சு நிக்குதுல்ல? அதான் மூடி. அது மேல வைக்கற ரெண்டு தண்ணிக் கேனும் பக்கத்துல இருக்கு. தானா நடந்து போயி அங்க நிக்கல. நான்தான் எடுத்தேன். போதுமா?

பக்கத்துக் கடை புன் அக்கா இருக்காங்களே, சாமிக்கு எரிக்கற காகிதம், ஊதுவத்தி எல்லாம் விக்கறவங்க, அவங்கதான் சொன்னாங்க. இதெல்லாம் உங்க வீட்டுலயும் சொல்லுவாங்களே? வீட்டுல ஒருத்தருக்குப் பெரிய கண்டம் வந்தா, டிராகன் மீனு அதத் தான் வாங்கிக்கிட்டு வெளிய குதிச்சுரும்னு. அது போயிட்டா அவரு பொழச்சாரு. அவங்க வீட்டுலயே நடந்துச்சாம். காலையில மீனு தரையில கெடந்துச்சு. மத்தியானம் புன் அண்ணன் ஓட்டின வேன் குப்புறக் கவுந்துச்சு. மனுஷன் உள்ளேருந்து மூக்குக் கண்ணாடி கூட ஒடையாம எறங்கி வந்து டீ கேட்டாராம். மீனு போச்சேன்னு யாரும் துக்கம் கேக்கல, தெருவே வந்து கையப் புடிச்சு சந்தோஷம் சொல்லிட்டுப் போச்சு. எனக்கே ஞாபகம் இருக்கு, நானும் ஆரஞ்சுப் பழம் வாங்கிட்டுப் போனேன்.

"சௌயிங், நீ மூடியப் போட்டு அழுத்தி வச்சா அது எப்பிடிப் போகும்? வழி விடு"ன்னாங்க. விட்டேன். அவரு ஆஸ்பத்திரிக்குப் போன அன்னைக்கே எடுத்து வச்சுட்டேன்.

குதிச்சுச்சு. நான் என்ன பண்ணேன்? வாரித் தண்ணியில போட்டேன். முடியோட கெடந்துச்சும்மா, அத அப்பிடியே விடவா முடியும்? புன் அக்கா தலையில அடிச்சுக்கிட்டாங்க. ரெண்டாவது தடவ... கஸ்டமர் மடியில கெடக்கறத எப்பிடி விடறது? மூணாவது தடவ, முந்தாநாள், புன் அக்கா சொன்ன மாதிரியே பின்பக்கம் போயி, செவுத்தப் பாத்து நின்னுக்கிட்டு நூறு வரைக்கும் எண்ண ஆரம்பிச்சேன். பதினொண்ணு வரைக்கும் போனேன். பதினொண்ணுல என் காலு என்னக் கேக்காம ஓடிப்போச்சு. பதினோரு வருஷமா எங்க வீட்டுக்காரரு தெனம் காலையில இதுகிட்டதான் மொத வார்த்த பேசுவாரு. என்கிட்ட ரெண்டாவது வார்த்த. அது இல்லாம அவரு வீட்டுக்கு வந்து யாருகிட்ட பேசுவாரு, சொல்லு?

ஆனா இன்னிக்குத்தான் கடைசி நாளும்மா. நாளைக்கு அவர உள்ள கொண்டுபோயிருவாங்க. அதனால இன்னிக்கு அது குதிச்சா எடுக்கறதில்லன்னு காலையிலயே முடிவு பண்ணிட்டேன். சாமிகிட்டயும் சொல்லிட்டேன். கல்லு மாதிரி நிக்கப் போறேன். நீயும் தொடக் கூடாது, இப்பவே சொல்லிட்டேன். மேல தவுலு ஆரம்பிச்சாச்சு பாரு, நாலு மணி. இந்தக் கர்லர மட்டும் இறுக்கிட்டு உனக்கு ஒரு...

ஐயோ!

தொடாத! தொடாதம்மா, உக்காரு! அப்பிடியே விடு. நான் பாக்கல. நீயும் பாக்காத. அந்தப் பக்கம் திரும்பு. ஒண்ணு, ரெண்டு, மூணு... எங்க கெடக்கு? நாற்காலிக்கு அடியிலயா? சொல்லாத, சொல்லாத! நாலு, அஞ்சு... மீசை மடங்கியிருக்கா? ஆறு... அடிக்குதா இன்னும்? வால அடிக்குதா? ஏழு...

என்னம்மா மசமசன்னு நிக்கற, துண்ட எடு! ஈரத் துண்டு, அந்தா, அந்தா! அது கண்ண மூடிப் போத்து, கண்ணு தெரியலன்னா அடங்கும். வால நான் புடிக்கறேன். தூக்கு... அப்பிடித்தான்... என் ராசா, என் துரை, போ, உள்ள போ...

நீந்துது. பாரு. நீந்துது.

அழலம்மா, மருந்து கண்ணுல பட்டுருச்சு. ஆமா, உன் தலையில இருக்கற மருந்துதான், என் கண்ணுலதான் பட்டுச்சு. நீ ஒண்ணும் கேக்க வேணாம்.

அந்தப் பக்கம் புடி. கண்ணாடி கனம், பாத்து. ஏ, கர்லர் விழுந்தா விழட்டும், மூடியப் புடி. இன்னும் கொஞ்சம் மேல... ஹும்! அந்தக் கேன எடு. ரெண்டையும் வையி. இன்னொண்ணு இருந்தா அதையும் வைப்பேன். புன் அக்கா வந்து கேட்டா நீதான் போட்டன்னு சொல்லுவேன், இப்பவே சொல்லிட்டேன்.

ஃபோன எடுத்துக் குடு. அதுதான், சீப்புக்குப் பக்கத்துல.

யோவ். நான்தான். ...ஒண்ணும் ஆகல. மூடி போட்டாச்சு. ...ஆமா, இப்பத்தான் போட்டேன். ...நான்தான் எடுத்தேன். எதுக்குன்னு உனக்குத் தெரியாதா? ...மூணு தடவ எழுதினா? முப்பது தடவ எழுதியிருந்தாலும் எடுத்திருப்பேன். ...சிரிக்காதய்யா, நெஞ்சு வலிக்கப் போவுது! ...இல்ல, அடி படல. ஒரு செதிலு கூடப் போகல. ...கேளு, நான் சொல்றதக் கேளு. மீனு தொட்டிக்குள்ள இருக்கு, மேல மூடி இருக்கு, மூடி மேல தண்ணிக் கேனு இருக்கு. நாளைக்கு உனக்குப் பதிலா போறதுக்கு இங்க யாரும் சும்மா இல்ல. புரிஞ்சுதா? நீயே ஒழுங்கா பொழச்சு வீடு வந்து சேரு.