கம்பி மாற்றாத கிட்டார்

இரவு பத்தரை. எரியோட்டிலிருந்து திண்டுக்கல் வரும் சாலை. ஒரு லாரிகூட இல்லை...

பைக்கில் வந்துகொண்டிருந்தவன் பிராங்கிளின். என் நண்பன் கஸ்பாரின் மச்சான். கல்யாணக் கச்சேரிகளில் கிட்டார் வாசிப்பவன். இடக்கையின் நான்கு விரல்கள்தான் அவன் வீட்டுக்குச் சோறு. முதுகில், அன்று சாயங்காலம் வாங்கிய பழைய எலெக்ட்ரிக் கிட்டார்.

"ஏலே ராபின், சிரிக்காமக் கேளு. சல்லிசா வருது, வாங்கலாமா வேண்டாமானு நீதான கேட்ட?" என்று எதிரே இருந்தவனை அதட்டிவிட்டுக் கதையைத் தொடர்ந்தேன்.

விற்றவர் கண்ணுசாமி, தென்னந்தோப்புக்காரர். செத்துப்போன தம்பியின் கிட்டாராம். அடிமாட்டு விலை.

பிராங்கிளின் ஏமாளி இல்லை. கையோடு கொண்டுபோன பேட்டரி ஸ்பீக்கரில் செருகிப் பார்த்தான். பழைய கிட்டார் 'ஙொய்ய்ங்' என்று இரையும். கம்பியில் கை வைத்தால் அடங்கும். எடுத்தால் மறுபடி இரையும். அப்படியென்றால் ஒயரிங் சுத்தம்.

கை வைத்தான். அடங்கியது. எடுத்தான். இரைந்தது. திருப்தியாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்...

இரைச்சல் அடங்கியது.

"ஒயரு லூசுண்ணே. இன்னும் கொறைங்க."

மறுபேச்சில்லாமல் குறைத்தார் கண்ணுசாமி. "கம்பிய மட்டும் மாத்திட்டு வாசிங்க தம்பி."

அடுத்தவன் கிட்டாரை வாங்கினால், புதுக் கம்பி போட்டுத்தான் தொடுவது நம் வழக்கம். ஆனால் ஆசை யாரை விட்டது? "அம்புட்டும் ஒரிஜினலு. கழட்டுனா மதிப்புப் போயிரும்ல?" என்றுவிட்டான் பிராங்கிளின்.

வழியில் ஆளில்லாத பஸ் நிழற்குடை. ஒற்றை டியூப் லைட். கை துறுதுறுத்தது. வண்டியை நிறுத்தி உட்கார்ந்து, கிட்டாரை மடியில் வைத்து ஸ்பீக்கரில் செருகினான். ஙொய்ய்ங்...

கை வைக்கும் முன்பே, அமைதி.

"சனியன் புடிச்ச ஒயரு," என்று முனகியபடி இடக்கையைக் கம்பிமேல் வைத்தான்.

அவன் விரல்களின் மேல் நான்கு விரல்கள் படிந்தன. ஈரமாக... சில்லென்று. குப்பென்று பச்சை ரத்த வாடை. அழுத்தின. துருக்கம்பி தோலைக் கிழித்தது. சதையைக் கிழித்தது. எலும்பில் போய் 'கிர்ர்' என்று உரசியது. இழுத்தான். கை வரவில்லை.

பையில் கம்பி வெட்டும் கட்டிங் பிளேயர் இருந்தது. வலக்கையால் உருவினான். மேலே கிடந்த விரலைக் கவ்வி, முழு பலத்தோடு... நறுக். அடுத்தது. நறுக். அலறிக்கொண்டே நான்கையும் நறுக்கினான்.

பிடி விட்டது.

விடிகாலையில் மார்க்கெட்டுக்குப் பூ ஏற்றி வந்த வேன்காரர்கள் அவனைத் தூக்கினார்கள். கிட்டாரில் ஆறு கம்பியும் முழுசாக இருந்தன. தரையில் நான்கு விரல்கள்.

நான்கும் பிராங்கிளினுடையவை.

கிட்டாரைத் திருப்பிக் கொடுக்கப் போனான் கஸ்பார். அப்போதுதான் கண்ணுசாமி வாயைத் திறந்தார். "திருவிழாத் தகராறுல எந்தம்பிய மேடையிலயே வெட்டிப் போட்டாய்ங்க. உசுரு போயும் கிட்டார விடல அவன். வெரல நறுக்கித்தான் பிரிச்சோம்."

சொல்லி முடித்தேன். எங்கள் ஒத்திகை அறையில் எல்லார் கண்ணும் சுவர்ப்பக்கம் போனது. சுவரோரம் ஸ்பீக்கரில் செருகியபடி இரைந்துகொண்டிருந்தது, ராபின் அன்று கொண்டுவந்த பழைய கிட்டார்.

"எங்கடா புடிச்ச இத?"

"பாத்துட்டுச் சொல்றேன்னு எடுத்தாந்தேண்ணே..." ராபின் கிட்டாரை விட்டுத் தள்ளிப் போனான். "எரியோட்டுல. ஒரு தோப்புக்காரரு."

"கம்பி மாத்துனியா?"

"இல்லண்ணே... ஒரிஜினலுன்னு..."

எங்கள் பாடகி நர்கீஸ் என் பக்கம் ஒதுங்கினாள்.

"எல்லாரும் கைய மேல தூக்குங்க," என்றேன்.

தூக்கினோம். எல்லோரும்.

இரைச்சல் அடங்கியது.