சொல்லாத திருத்தம்

அம்மா இஸ்திரி போட்ட சட்டையைக் கசக்க எனக்கு மனசு வராது. அதனால்தான் உங்கள் விசாரணை அறை நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருக்கிறேன். பயத்தில் இப்படி விறைத்துப்போய் இருக்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள்.

அம்மா ஒரு பெரிய ஓட்டலின் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவர். யார் யாரோ படுத்தெழுந்த விரிப்புகளை நீராவி இயந்திரத்தில் தேய்த்துத் தேய்த்து அவர் உள்ளங்கையில் ரேகையே மிச்சமில்லை. "கை பார்த்துச் சொல்றவன் எங்கிட்ட வந்தா பட்டினிதான் கிடப்பான்" என்று சிரிப்பார். அப்பா இல்லாத வீட்டில் சிரிப்புக்குக் குறை வைக்காதவர். அவரைப் பற்றி நான் சொல்வது அனுதாபத்துக்காக அல்ல. நடந்ததை அதனதன் வரிசையில் சொல்ல வேண்டும் என்று நீங்கள் கேட்டதால்தான்.

பல்கலைக்கழகத்தில் சேர்ந்த புதிதில், உணவுக்கூடத்து வாசலில் ராணுவப் பறப்புச் சங்கம் மேசை போட்டிருந்தது. படிக்கிற பிள்ளைகளுக்கு ராணுவமே விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும். சனிக்கிழமைகளில் சீருடை போட்டுக்கொண்டு வந்தால் போதும். வருடத்துக்கு ஒருவரை விமானப்படைப் பள்ளிக்கு நேரடியாக எடுத்துக்கொள்வார்கள்.

"யாருக்காவது உயரம்னா பயமா?" என்று மேசைக்குப் பின்னால் இருந்தவர் கேட்டார்.

எனக்கு அடுத்து நின்றவன் கையைத் தூக்கினான். "எனக்கு நாற்காலி மேல ஏறினாலே கால் நடுங்கும் சார். ஆனா பல் டாக்டர் வீட்ல பொறந்துட்டேன். அங்க தினமும் கேக்கற அலறலுக்கு இது தேவலை."

வரிசையே சிரித்தது. அவன்தான் புறா. கூரையில் புறா வந்து உட்கார்வதுபோல ஓடுதளத்தில் சத்தமில்லாமல் விமானத்தை இறக்குவான் என்பதால் பிறகு அந்தப் பெயர் வந்தது. எனக்கு வைத்த பெயர் பெரியவர். புறப்படுமுன் ஒவ்வொரு திருகாணியையும் தொட்டுப் பார்க்காமல் நான் ஏற மாட்டேன். "பெரியவர் பொண்ணு பார்க்கப் போனா பல்லை எண்ணிட்டுத்தான் சம்மதம் சொல்வார்" என்று புறா கிண்டல் செய்வான். ஆனால் விமானத்தை நான் பார்த்துவிட்டேன் என்றால் அவன் மறுபடி பார்க்க மாட்டான். அந்த அளவு நம்பிக்கை.

எங்கள் பயிற்சியாளரை முள் சார் என்போம். "உடம்பு பொய் சொல்லும், கண்ணு பொய் சொல்லும், கருவியோட முள்ளு சொல்லாது. மேகத்துக்குள்ள மாட்டினா முள்ளை நம்புங்கடா" என்று அவர் சொல்லாத சனிக்கிழமை கிடையாது.

உயரமானியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அது காற்றின் அழுத்தத்தை வைத்து உயரத்தைக் காட்டும் கருவி. அழுத்தமோ வானிலைக்கு ஏற்றபடி ஏறும், இறங்கும். ஆகவே தரையில் ரேடியோ மேசையில் இருப்பவன், சுவரில் மாட்டியிருக்கும் அழுத்தமானியைப் பார்த்து, மாறும்போதெல்லாம் எண்ணைச் சொல்ல வேண்டும். மேலே இருப்பவன் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு ஒரு குமிழைத் திருகி, அந்த எண்ணைத் தன் உயரமானியில் வைத்துக்கொள்வான். ஓர் எண் பிசகினால் மூன்று மாடி உயரம் பிசகும். உள்ளதைவிடக் கூடுதலான எண்ணைச் சொல்லிவிட்டால், தாழ்வாகப் பறப்பவன் தான் உயரத்தில் இருப்பதாக நினைத்துக்கொள்வான்.

மேசையில் இருப்பவன் தவறாகச் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்பதற்கும் எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. 'திருத்தம்' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் சரியான எண்ணைச் சொல்ல வேண்டும். அந்த வார்த்தையைச் சொன்னவன் சாயங்காலம் முள் சார் முன்னால் போய் நிற்பான். அந்தப் பருவம் முழுக்க அவனுக்குப் பறப்பு கிடையாது. கவனமாக இருக்கட்டும் என்று அவர் நல்ல எண்ணத்தில் வைத்த தண்டனை. அதை நான் குறை சொல்லவில்லை.

என் படிப்பைப் பற்றி நீங்களே விசாரித்திருப்பீர்கள். தேறாத பாடங்கள் குவிந்துவிட்டன. துறைத் தலைவர் கூப்பிட்டு, "தம்பி, அடுத்த வருஷம் உனக்கு இங்க இடம் இல்லப்பா. வேற ஏதாவது பார்த்துக்க" என்றார். அவரும் மரியாதையாகத்தான் சொன்னார். அன்றைக்கு மதியம் அம்மாவுக்கு போன் செய்தேன். உண்மையைச் சொல்லத்தான் செய்தேன். பின்னால் நீராவி சீறிக்கொண்டிருந்தது. மேற்பார்வையாளன் அவரைப் பார்த்து ஏதோ மட்டமாகக் கத்துவது கேட்டது.

"சொல்லுடா, என்ன ஆச்சு? பறக்கற பரீட்சை முடிஞ்சுதா?"

தேர்வில் மிஞ்சிய கடைசி இரண்டு பேரில் ஒருவனாக அப்போது வந்திருந்தேன், அவ்வளவுதான். மற்றவன் புறா. ஆனால் அந்தக் கத்தலைக் கேட்டதும் வாய் தானாக, "கிடைச்சிருச்சும்மா" என்றது.

ஒரு பொய் எவ்வளவு தூரம் போகும் என்று எனக்கு அப்போது தெரியாது. அம்மா போனை வைத்துவிட்டு நேரே மேற்பார்வையாளனிடம் போயிருக்கிறார். "என் பிள்ளை ஆகாசத்துல பறக்கப் போறான். உன் சட்டையை இனிமே நீயே தேய்ச்சுக்க" என்று சொல்லி, ஏப்ரனைக் கழற்றி அவன் தோளில் போட்டுவிட்டார். சலவைக்கூடமே கைதட்டியதாம். மறுநாளே அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டது.

வீட்டுக்குப் போனபோது ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். கையை என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் வைத்திருந்தார். "முதல் தடவை பறக்கறப்போ நம்ம தெரு மேல வருவியா?" என்று கேட்டார். வருகிறேன் என்றேன். பிறகு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் நின்றேன். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை, தூக்கம் பிடிக்கவில்லை. யோசித்துப் பார்த்த எல்லாப் பக்கமும் சுவராக இருந்தது. ஒரே ஒரு கதவு. அந்தக் கதவில் புறா நின்றுகொண்டிருந்தான், விசில் அடித்தபடி.

அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. சரியாக இறக்கக் கற்றுக்கொடுத்ததே அவன்தான். ஆனால் இந்த இடம் கிடைக்காவிட்டால் அவன் அப்பாவின் பல் மருத்துவமனை இருக்கிறது. எனக்கு ஜன்னலோரம் அம்மா இருக்கிறார். நியாயம் எந்தப் பக்கம் என்று நீங்களே சொல்லுங்கள்.

தேர்வு நாளன்று வானம் சுமாராக இருந்தது. இருவரும் ஒருவர்பின் ஒருவராகத் தனியாகப் பறக்க வேண்டும். முதலில் பறப்பவன், அடுத்தவன் பறக்கும்போது ரேடியோ மேசையில் உட்கார வேண்டும். சொன்ன உயரத்தில் தண்ணீர்த் தொட்டியைக் கடந்து, அதற்கப்பால் உள்ள மலைமுகட்டைத் தாண்டித் திரும்பி வர வேண்டும். தொட்டிக்குப் பக்கத்தில் முள் சார் கருவியோடு நின்று உயரத்தை அளப்பார். நான் முதலில் போய்வந்தேன். தொட்டிக்கு மேலே கை நடுங்கிவிட்டது. இறக்கும்போது விமானம் இரண்டு தடவை துள்ளியது.

புறா தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டே வந்தான். "என்ன பெரியவரே, விமானத்தை ஓட்டினியா, குதிரையை ஓட்டினியா?"

"எப்படிப் போச்சோ அப்படிப் போச்சு."

"மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காதய்யா. நான் இன்னிக்கு உன்னைவிட மோசமாச் சொதப்பப் போறேன், பாரு."

கேலி செய்கிறான் என்றுதான் நினைத்தேன். வேறு எப்படி நினைப்பது?

ரேடியோ அறையில் நான் மட்டும் இருந்தேன். மற்றப் பையன்கள் கொட்டகையில் இன்னொரு விமானத்தைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். புறா மேலே ஏறிச் சிறிது நேரத்தில் அழுத்தமானியின் முள் இறங்கத் தொடங்கியது. வானிலை கெடப் போகிறது என்று அர்த்தம். இறங்கிய எண்ணைச் சொல்வதுதான் என் வேலை. நான் ஏறியதாகச் சொன்னேன். சில எண்கள்தான். தொட்டியைத் தாழ்வாகக் கடப்பான், முள் சார் மதிப்பெண்ணைக் குறைப்பார், அவ்வளவுதான். மேசையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுத்தான் சொன்னேன். எதையும் யோசிக்காமல் செய்கிற பழக்கம் எனக்கு இல்லை.

அவன் எண்ணைத் திருப்பிச் சொன்னான். "நன்றி பெரியவரே" என்றும் சொன்னான். அது வழக்கத்தில் கிடையாது. அவனாகச் சேர்த்துக்கொள்வது.

தொட்டியைத் தாழ்வாகக் கடந்தான். என் கணக்கு சரியாக இருந்தது. அத்தோடு முடிந்திருக்க வேண்டும். முகட்டின் மேல் மேகம் அவ்வளவு சீக்கிரம் இறங்கும் என்று யாருக்குத் தெரியும்? மேகத்துக்கு நான் பொறுப்பாக முடியாது.

"பெரியவரே, முகடு தெரியல. ஒரே வெள்ளையா இருக்கு. எண்ணை இன்னொரு தடவை சொல்லு."

அந்த இடத்தில்தான் 'திருத்தம்' என்று சொல்லியிருக்க வேண்டும். வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் சாயங்காலம் முள் சார் முன்னால் நிற்க வேண்டும். பருவம் முழுக்கப் பறப்பு கிடையாது. பறப்பு இல்லாதவனுக்கு இடம் கிடையாது. இடம் இல்லாதவன் ஜன்னலோரம் போய் என்ன சொல்வான்? ஒலிவாங்கிப் பொத்தானில் விரலை வைத்தபடி இருந்தேன். என் விரல் நடுங்கவில்லை என்பதை அப்போது கவனித்தேன்.

முதலில் சொன்ன எண்ணையே சொன்னேன்.

அவன் திருப்பிச் சொன்னான். பிறகு, "முகட்டைத் தாண்டிடலாம்ல? எனக்கு என்னமோ சரியாப் படலய்யா. திரும்பிடவா?" என்றான்.

"தாண்டிடலாம். முள்ளை நம்பு" என்றேன்.

"சரி. நீ சொன்னா சரி."

அதற்குப் பிறகு ரேடியோவில் இரைச்சல்தான். நான் இருக்கையை விட்டு எழவில்லை. மேசையை விட்டுப் போகக்கூடாது என்பது விதி.

புறாவின் உடலைக் கொண்டுபோன மருத்துவமனையின் தாழ்வாரத்தில் அவன் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். ஆயிரம் பேர் பல்லைப் பிடுங்கிய கை, என் கையை விடவே இல்லை. "கடைசியா உன்கிட்டதானப்பா பேசினான்? பயந்தானா?"

"இல்ல அங்கிள். சரின்னு சொன்னான்."

"நீ கூட இருந்தியே, அது போதும்ப்பா" என்றார். அவர் மனம் ஆறும்படி ஏதோ ஒன்றைச் சொல்ல முடிந்ததில் எனக்குத் திருப்தி.

முள் சார் என்னைத் தனியாகச் சுவரோரம் அழைத்துப் போனார். கண் சிவந்திருந்தது. "இப்ப சொல்றதா வேண்டாமான்னு தெரியலடா. அவன் முந்தின நாளே எங்கிட்ட வந்து விலகிக்கறேன்னு சொல்லிட்டான். அப்பா கூடவே இருந்து பல் வைத்தியம் படிக்கப் போறேன், பெரியவருக்கு இதை விட்டா வேற வழியில்ல சார்னான். ரெண்டு பேராவது பறந்தாத்தான் தேர்வு செல்லும்னு நான்தான் சொன்னேன். சரி சார், உங்களுக்காக ஒரு சுத்து சுத்திட்டு, சொதப்பிட்டு இறங்கிடறேன்னு சிரிச்சான். நான்தான்டா அவனை மேல அனுப்பினேன்."

அழுதார். நான் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

இனி நான் ஏன் கூப்பிடாமலே இங்கு வந்தேன் என்பது. சிதைந்த விமானத்திலிருந்து உயரமானியை எடுத்திருக்கிறீர்கள். அதில் தவறான எண் வைக்கப்பட்டிருந்ததைக் கண்டீர்கள். எங்கள் அழுத்தமானி பழுது என்று முடிவு செய்து அதைச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டு போனீர்கள். பழுதான கருவியை வைத்திருந்ததாக முள் சாரை வேலையிலிருந்து நிறுத்திவைத்தீர்கள். பறப்புச் சங்கத்தைப் பூட்டிவிட்டீர்கள். இந்த வருடம் யாரையும் எடுப்பதில்லை என்றும் அறிவித்துவிட்டீர்கள்.

அந்த அழுத்தமானி சரியானது. அன்றைக்கு அது காட்டியது சரி, சொன்னது நான். தெரிந்தே தவறாகச் சொன்னேன். மறுபடி கேட்டபோதும் தெரிந்தே சொன்னேன். திரும்பட்டுமா என்றவனைத் திரும்பாதே என்று முகட்டுக்கு அனுப்பியதும் நான்தான். இதை என் வாயாலேயே சொல்லிவிட்டேன். ஆகவே கருவியின் மீதோ முள் சார் மீதோ சங்கத்தின் மீதோ இனி குற்றம் இல்லை.

இன்னொன்றையும் நீங்கள் கவனிக்க வேண்டும். புறா முந்தின நாளே விலகிவிட்டான். அப்படியானால் நான் ரேடியோவில் வாய் திறப்பதற்கு முன்பே அந்த இடம் எனக்கு வந்துவிட்டது. நான் சொன்ன எண்ணுக்கும் என் தேர்வுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இரண்டையும் தனித்தனியாகப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அது நேர்மையாகக் கிடைத்த இடம். புறாவும் அதைத்தான் விரும்பினான்.

எனவே பூட்டைத் திறந்துவிடலாம். முடிந்தால் இந்த மாதத்திலேயே திறக்கச் சொல்லுங்கள். நான் பறந்து வெகு நாளாகிறது, கை மறந்துவிடும்.