பிணத்தின் வலது கை

என் பெயர் அமலநாதன், வயது 59, தகப்பனார் ஆரோன். மூலக்குளம் மூன்றாவது குறுக்குத் தெரு, 14-ஆம் எண் வீட்டில் என் மனைவி சூசைமேரியுடன் குடியிருக்கிறேன். தலைமைக் காவலர். ஆறு வருடமாகப் பழைய பதிவேட்டு அறை என் பொறுப்பில் இருக்கிறது. ஓய்வு பெற இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. அந்த அறையிலிருந்த 2007-ஆம் ஆண்டின் அடையாளம் தெரியாத பிரேதங்கள் பதிவேட்டைக் காணவில்லை என்று இன்ஸ்பெக்டர் ராஜவேல் அவர்கள் விசாரித்ததன் பேரில் இதைச் சொல்கிறேன். அது காணாமல் போகவில்லை. நான்தான் எடுத்தேன்.

2007-இல் நான் டவுனில் ஒரு ஸ்டேஷனில் ரைட்டராக இருந்தேன். ஆகஸ்ட் 26 காலையில் கடற்கரைச் சாலைப் பாறைகளில் ஓர் ஆண் பிரேதம் ஒதுங்கியதாகத் தகவல் வந்து நான் போனேன். முகம் தெரியவில்லை, உடம்பில் துணி இல்லை, முன்கையில் ஒரு வேல் பச்சை குத்தியிருந்தது. பக்கத்தில் நிற்க இடமில்லாததால் பிரேதத்துக்கு எதிரே நின்று அடையாளங்களை எழுதிக்கொண்டேன். அதன் பிறகு ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, பரிசோதனை முடிந்து, மூன்று நாள் பார்த்தும் யாரும் கேட்டு வராததால் அடக்கம் செய்யப்பட்டது. டாக்டர் அறிக்கை வந்ததும் பதிவேட்டின் 41-ஆம் பக்கத்துக்குப் பின்னால் குத்தி வைத்தேன். அதைப் படிக்கவில்லை.

அதற்கு ஒரு வாரம் கழித்து வீராம்பட்டினத்திலிருந்து சின்னப்பொண்ணு என்பவர் வந்தார். அவருடைய கணவர் கண்ணையன் தேர்த் திருவிழா முடிந்து கட்டுமரத்தில் போனவர் திரும்பவில்லை என்றும், கடலூர், நாகப்பட்டினம் எல்லாம் தேடிவிட்டு வருவதாகவும், வலது முன்கையில் வேல் இருக்கும் என்றும் சொன்னார். நான் பதிவேட்டைப் பார்த்தேன். இடது முன்கை என்று இருந்தது. "சந்தோஷமாப் போய்ட்டு வாங்கம்மா, இது உங்க வீட்டுக்காரரு இல்ல" என்று நானே சொல்லி அனுப்பினேன். நல்ல வார்த்தை சொன்ன திருப்தியில் அன்றைக்கு டீ குடித்தேன் என்பது எனக்கு நினைவிருக்கிறது.

அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் தேருக்கு மறுநாள் அவர் வருவார். நான் எந்த ஸ்டேஷனுக்கு மாறினாலும் விசாரித்து அங்கே வருவார். தகவல் உண்டா என்று கேட்பார், "இல்லம்மா" என்பேன். மகள் கலைவாணிக்குக் கல்யாணம் வைத்தபோது எனக்கும் பத்திரிகை கொடுத்தார். அதில் அழைப்பவர் பெயர் கண்ணையன் என்று அச்சடித்திருந்தது.

இந்த வருடம் பிப்ரவரியில் நமது துறையின் வரலாற்றுக் கண்காட்சிக்கு உத்தரவு வந்தது. பிரெஞ்சுக்காரர் காலத்துப் பதிவேடுகளைச் அந்தக் காலப் போலீசின் சிவப்புத் தொப்பிகளோடு கண்ணாடிப் பெட்டியில் வைப்பது, கெடு முடிந்த மற்றவற்றைப் பட்டியல் போட்டு மார்ச் 14 அன்று பழைய பேப்பருக்கு அனுப்புவது என்று முடிவானது. 1931-இல் மாடு திருடியவனுக்குக் கண்ணாடிப் பெட்டி, 2007-இல் செத்தவனுக்குச் சாக்கு மூட்டையா என்று எனக்கு எரிச்சல்தான். ஆனாலும் வாய் திறக்காமல் பட்டியல் போட்டேன்.

பிரெஞ்சு எழுத்தைப் படித்துச் சொல்ல லினெட் என்ற ஓய்வு பெற்ற ஆசிரியை வந்தார். மார்ச் 11 காலை பதினொரு மணிக்கு, 1931-இல் மூழ்கிச் செத்த ஒருவரைப் பற்றிய பக்கத்தைப் படித்தார். தழும்பு இருந்த கைக்கு 'த்ருவா', அதாவது வலது, என்று எழுதி, பக்கத்திலேயே 'பிணத்தின் வலது' என்றும் போட்டிருப்பதாகச் சொன்னார். கை என்றால் கைதானே, அதை ஏன் இரண்டு தரம் எழுத வேண்டும் என்று கேட்டேன். "எதிர்ல நின்னு எழுதறவனுக்கு மாறிப் போயிடும் இல்ல சார்? இந்த ஆளு உஷாரு" என்று சிரித்தார்.

2007-இல் பாறையில் நானும் எதிரே நின்றுதான் எழுதியிருந்தேன். அவர் சாப்பிடப் போனதும் 2007 பதிவேட்டை எடுத்து 41-ஆம் பக்கத்தைத் திருப்பி, பின்னால் குத்தியிருந்த டாக்டர் அறிக்கையைப் படித்தேன். வலது முன்கையில் வேல் வடிவப் பச்சை என்று இருந்தது. பதினெட்டு வருடமாக ஒரே குண்டூசியில் நான் எழுதிய இடதும் டாக்டர் எழுதிய வலதும் இருந்திருக்கின்றன. அதன் பிறகு பதிவேட்டைச் சாப்பாட்டுப் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோய் பீரோவின் மேல் போர்வைக்கு அடியில் வைத்தேன். காப்பாற்றுவதற்காக எடுக்கவில்லை. மூட்டை கட்டுமுன் யாராவது பிரித்துப் பார்த்து என் தப்பு வெளியே வந்துவிடக்கூடாது என்று பயந்து எடுத்தேன்.

அதன் பிறகு பத்து நாள் எனக்கு இருப்பு கொள்ளவில்லை. சவரம் செய்யும்போது கண்ணாடியில் தெரிவது எந்தக் கை என்று குழம்பிப் பாதியில் நிறுத்தினேன். பூசையில் சிலுவை போடப் போய், கையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். "உக்காந்தா முள்ளு குத்துதா, இன்னாத்துக்கு இப்படி அலையறீங்க?" என்று சூசைமேரி கேட்டாள். 20-ஆம் தேதி பதிவேட்டை ஆற்றில் போட்டுவிடலாம் என்று வண்டியில் நோணாங்குப்பம் பாலத்துக்குப் போய், அரை மணி நேரம் நின்று, பையைத் திறக்காமலே திரும்பினேன்.

22-ஆம் தேதி வீராம்பட்டினத்துக்குப் போனேன். சின்னப்பொண்ணு மீன் கூடையோடு இருந்தார். நெற்றியில் பொட்டு இருந்தது. நான் பக்கத்தைக் காட்டி நடந்ததைச் சொன்னேன். அவர் அழவில்லை.

"எழுதுனது யாரு சார்?" என்று கேட்டார். நான்தான் என்றேன். "அப்ப வருஷா வருஷம் உங்களாண்டயே வந்து கேட்டுட்டுப் போயிருக்கேன்" என்றார். பிறகு அடக்கம் செய்த இடத்தைக் கேட்டார். பதிவேட்டில் இருந்த குழி எண்ணைச் சொன்னேன். நான் கிளம்பும்போது, "அன்னிக்கும் வாயாலதான் சொன்னீங்க. இப்ப எழுதிக் குடுங்க, வலது கைன்னு" என்றார்.

இன்று காலை பதிவேட்டோடு நானே இங்கே வந்தேன். கண்காட்சிக்கு விளக்கச் சீட்டு எழுத வீட்டுக்கு எடுத்துப் போனதாகச் சொன்னால் விஷயம் முடிந்துவிடும் என்று இன்ஸ்பெக்டர் என் நல்லதுக்குச் சொன்னார். அப்படிச் சொன்னால் 41-ஆம் பக்கம் அப்படியே இருக்கும் என்பதால் நான் ஒத்துக்கொள்ளவில்லை. வேல் இருந்தது பிரேதத்தின் வலது முன்கையில் என்று சொல்லி, என் வலது கையைத் தூக்கியும் காட்டினேன். இதன் நகல் ஒன்று சின்னப்பொண்ணுக்குத் தரப்பட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள், கேட்டேன். நான் கையைத் தூக்கிக் காட்டிய இடத்தில், எதிரே உட்கார்ந்து எழுதிய இன்ஸ்பெக்டர் 'இடது' என்று எழுதியிருந்தார். அதை அடித்து 'வலது' என்று என் கையாலேயே திருத்தி, ஓரத்தில் சுருக்கொப்பம் போட்டிருக்கிறேன். மற்றதெல்லாம் நான் சொன்னது சொன்னபடி இருக்கிறது, உண்மை.

(ஒப்பம்) ஆ. அமலநாதன்
24.03.2025, புதுச்சேரி